சிவப்புப் பெட்டிப் பொட்டு

கேலன் ரைட்ஸுக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாது. வயது அறுபத்து மூன்று. பள்ளிக்கூடங்களின் நிலவறைகளில் இருக்கும் கொதிகலன்களை முப்பத்தெட்டு வருஷம் பழுது பார்த்தவன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கொதிகலனையும் ஒரு தடவை திறந்து பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. வீட்டில் குளிர்பெட்டி மூன்று முறை இடம் மாறிவிட்டது. சாலையோர உணவகத்தில் வறுத்த முட்டையும் உருளைக்கிழங்கும் மேசைக்கு வந்த பிறகு, "அந்த ஜன்னல் பக்கம் போயிடலாமா?" என்று தட்டோடு எழுந்து நிற்பான். பரிமாறுகிற பெண்ணுக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். கூடப் போகிறவர்களுக்கும்தான்.

இப்படிப்பட்டவன் எந்த விளையாட்டில் போய் விழுந்தான் பாருங்கள். டன்னர்ஸ் ரன் ரைபிள் கிளப்பில் நாங்கள் ஆடுவது மேசைச் சுடுதல். கான்கிரீட் மேசை, அதன்மேல் மணல் பைகள், பைகளின்மேல் துப்பாக்கி. நூறு கஜம் தள்ளி ஒரு தாள். அதில் ஐந்து குண்டுகளை ஒரே ஓட்டையில் போடப் பார்க்க வேண்டும். யாராலும் போட முடியாது. ஐந்தும் சேர்ந்து ஒரு கொத்தாக விழும். கொத்து எவ்வளவு அகலம் என்று அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அளப்பார்கள். ஒரு போட்டிக்கு ஐந்து ஆட்டம், ஐந்து கொத்துகளையும் கூட்டி யாருடையது சிறியதோ அவர் ஜெயித்தார். ஆடாமல் உட்காரவும், நன்றாக இருப்பதைத் தொடாமல் இருக்கவும் தெரிந்தவர்களுக்கான விளையாட்டு. கேலனுக்கு இரண்டும் வராது. இருபத்து நாலு வருஷமாக விடாமல் வந்துகொண்டிருந்தான்.

ஒருமுறைகூட முதலிடம் வந்ததில்லை. ஒன்பது முறை இரண்டாம் இடம். கிளப் சுவரில் ஒவ்வொரு வருஷத்துக் கடைசிப் போட்டியிலும் ஜெயித்தவர் பெயரைச் செதுக்கிய மரப்பலகை தொங்குகிறது. கேலன் வந்ததும் முதலில் அதைப் பார்ப்பான், பிறகுதான் யாருக்கும் காலை வணக்கம் சொல்வான்.

இந்த விளையாட்டில் தோட்டாவைக் கடையில் வாங்குகிறவர் எவரும் இல்லை. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே கொட்டகையில் உட்கார்ந்து, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டையே எடுத்துத் துடைத்து, வெடிமருந்து போட்டு, புதுக் குண்டு சொருகி, மறுபடி சுடுவோம். கூட்டின் அடியில் சின்னதாக ஒரு பொட்டு இருக்கும். பெட்டியில் பிரைமர் என்று அச்சிட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி தட்டியதும் முதலில் பொறி பறப்பது அதில்தான், அதிலிருந்துதான் மருந்து பற்றும். மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. அந்தப் பொட்டில் இரண்டு வகை. நீலப் பெட்டியில் வருவது சாதா. சிவப்புப் பெட்டியில் வருவது எங்களைப் போன்ற மேசைக்காரர்களுக்கென்று தனியாகச் செய்தது. ஒவ்வொன்றிலும் பொறி ஒரே சீராக இருக்கும் என்று பேச்சு. அந்தத் தொழிற்சாலையில் நிதானமான கை உள்ள பெண்மணி ஒருத்தி, அவள் வீட்டில் சண்டை நடக்காத நாளில் மட்டும் செய்து தருவது என்று எங்கள் ஆட்கள் கதை கட்டியிருக்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் எது சிவப்பு எது நீலம் என்று அந்தப் பெண்மணியாலேயே சொல்ல முடியாது.

கேலன் சிவப்புக் கட்சி. சாதாரணக் கட்சி அல்ல, வெறிபிடித்த கட்சி. பதினேழு நோட்டுப் புத்தகங்களில் சோதனைகளை எழுதி வைத்திருந்தான். ஒரு வாரம் சிவப்பு நன்றாகச் சுடும், அடுத்த வாரம் நீலம் நன்றாகச் சுடும். நீலம் நன்றாகச் சுட்ட பக்கங்களின் ஓரத்தில் 'காற்று' என்று எழுதிவிடுவான்.

வெர்லா அவன் மனைவி. முட்டைப் பண்ணையில் முப்பத்தோரு வருஷம், வெளிச்சத்துக்கு எதிரே முட்டை பிடித்துக் கீறல் இருக்கிறதா, ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்பு கேலனுக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை ஆனது. அந்த வாரப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று, மேசை காலியாகக் கிடக்கும் என்று அவள் போய் உட்கார்ந்தாள். பத்தொன்பது பேரில் ஐந்தாவதாக வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கும் ஒரு மேசை.

இருவருக்கும் தோட்டா தயார் செய்வது கேலன்தான். எங்கள் கிளப்பில் புருஷனும் பெண்டாட்டியும் சுடுகிற வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். தனக்குச் சிவப்புப் பெட்டி, அவளுக்கு நீலப் பெட்டி. முதல் வருஷம் அவள் கேட்டாள். "ரெண்டும் ஒண்ணுதான், பெட்டிதான் வேற," என்று சொல்லிவிட்டான். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பொட்டுக்கே பஞ்சம் வந்த இந்த இரண்டு வருஷத்தில் சிவப்புப் பெட்டி கண்ணிலேயே படவில்லை. கேலன் எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் பக்கத்து மாநிலத்தில் ஒரு விவசாயியிடமிருந்து ஒரே ஒரு பெட்டி வாங்கி வந்தான். அதைத் தூங்கும் அறை அலமாரியில், குளிர்காலக் காலுறைகளுக்கு அடியில் வைத்தான். போட்டி நாளில் மட்டும் எடுத்து வருவான், கிளப்பில் எல்லாருக்கும் அது தெரியும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். செப்டம்பர் கடைசி, வருஷத்தின் கடைசிப் போட்டி. மூன்று ஆட்டம் முடிந்திருந்தது. சுட்ட தாள்களையெல்லாம் கொட்டகைக்கு வெளியே ஒரு பலகைச் சுவரில் ஒட்டுவார்கள். அழுகைச் சுவர் என்று அதற்குப் பெயர், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நின்று கேலன் கணக்குப் போட்டான். வெர்லாவின் மூன்று கொத்தும் கூடி அறுநூற்று நாலு. அவனுடையது அறுநூற்று இருபத்து மூன்று. வெர்லா முதலிடம், அவன் இரண்டாமிடம். மூன்றாவதாக இருந்தவன் எங்கேயோ பின்னால் இருந்தான்.

அவனுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அவள் பெயர் பலகையில் ஏறினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அப்போதும் சந்தோஷம்தான். ஆனால் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுவருக்கும் கொட்டகைக்கும் நாலு தடவை நடந்துவிட்டான்.

அப்போது பாய்ட் ஹெக்மன் வந்து சேர்ந்தான். பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். கையில் எந்தப் பொட்டு கிடைக்கிறதோ அதை வைத்துச் சுட்டுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் மற்றவர்களை வம்புக்கு இழுக்கிறவன். வாயில் ஊறுகாய் முட்டை.

"என்னய்யா கேலன், இன்னிக்கும் ரெண்டாவது எடத்துல துண்டு போட்டுட்டியா?"

"இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கு. போய்யா."

"உன் வீட்டம்மா இன்னிக்குப் பறக்கறாங்க. ஆமா, அவங்களுக்கு வெக்கிறது நீலப் பெட்டிதானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா? சாதாப் பொட்ட வெச்சுகிட்டே உன்ன ஓரங்கட்டிட்டாங்க. காலுறைக்கு அடியில பூட்டி வெச்சிருக்கியே அந்தச் சிவப்புப் பெட்டி, அத எடுத்துக் கோழிக்குப் போடு!"

நாலு பேர் சிரித்தார்கள். கேலனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் போனான். வெர்லா வெளியே மர நிழலில் கோழி சூப் குடித்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம் என்று காட்டும் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது ஆட்டத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது.

மேசையில் அவளுடைய பன்னிரண்டு கூடுகள், ஐந்து கணக்குக்கு, மிச்சம் முன்னதாகச் சுட்டுப் பார்க்க, வரிசையாக நின்றன. கேலன் நீலப் பெட்டியை எடுத்தான். கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். கொத்து சின்னதாக விழுகிற துப்பாக்கியில் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது என்பது எங்கள் ஆட்களில் குழந்தைக்கும் தெரியும். ஜெயித்துக்கொண்டிருப்பவன் தன் தொப்பியைக்கூட மாற்ற மாட்டான். பாய்ட் மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு போட்டி முழுக்க ஒரே காலுறையோடு இரண்டு நாள் இருந்தான், அந்த நாற்றத்தை யாரும் குறை சொல்லவில்லை. இதெல்லாம் கேலனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவளுக்கு நல்லதைக் கொடுத்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. இத்தனை வருஷம் கொடுக்காததை இன்றைக்காவது கொடுப்போமே. நினைப்பு முடிவதற்குள் கை சிவப்புப் பெட்டியைத் திறந்துவிட்டது. பன்னிரண்டு கூட்டிலும் சிவப்புப் பொட்டை அழுத்தி, மருந்து போட்டு, குண்டு சொருகி, அவள் பெட்டியில் அடுக்கி வைத்தான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நல்ல காரியம் செய்கிறவனுக்கு ஏன் அப்படி அடித்துக்கொள்ள வேண்டும் என்று அவன் யோசிக்கவில்லை.

நாலாவது ஆட்டத்தில் அவன் ஆறாவது மேசை, அவள் பதினோராவது. அவன் சுட்டது இருநூற்று ஒன்பது. சுட்டு முடித்ததும் தூரக்கண்ணாடியை அவள் தாள் பக்கம் திருப்பினான். மூன்று குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நாலாவது மேலே ஏறியிருந்தது. ஐந்தாவது மறுபடி கீழே, மூன்றோடு. ஆர்லின் வோகல் அளந்து எழுதினான், இருநூற்று நாற்பத்து மூன்று. ஆர்லின்தான் எங்கள் நடுவர், அளவுக்கண்ணாடியைத் தன் மாமியாரிடம்கூடக் கொடுக்க மாட்டான்.

இப்போது கேலன் முதலிடம். பதினைந்து வித்தியாசம். இருபத்து நாலு வருஷத்தில் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் முதலிடத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை.

வெர்லா கொட்டகைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொடியெல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு கேலன். பாத்துட்டுத்தான் சுட்டேன்."

"காத்து எப்ப மாறும்னு யாருக்குத் தெரியும்?"

"பக்கவாட்டுல போயிருந்தா காத்துன்னு சொல்லலாம். இது நேரா மேல போயிருக்கு. அப்ப நான்தான். கண்ணுதான்." அவள் இமைகளை விரலால் அழுத்திக்கொண்டாள். "போன மாசம் டாக்டர் சொன்னான்ல, புரை வளருதுன்னு. இத்தனை வருஷம் முட்டையப் பாத்த கண்ணு, எவ்வளவு நாள்தான் தாங்கும்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இந்த வருஷத்தோட போதும்ப்பா. பாய்ட் பொண்ணு என் ரைபிளக் கேட்டுகிட்டே இருக்கா. அவளுக்கே குடுத்துடலாம்."

அழவெல்லாம் இல்லை. முட்டை ஒன்றைக் கூடையிலிருந்து ஒதுக்கி வைக்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவனைக் குத்தியது. அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எது சிவப்பு எது நீலம் என்று சுட்ட கூட்டைப் பார்த்து எவனாலும் சொல்ல முடியாது. கடைசி ஆட்டம் முடியும், அவன் பெயர் பலகையில் ஏறும், அவள் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தில் பீட்ரூட் பிடுங்கிக்கொண்டிருப்பாள். அந்தக் காட்சி முழுசாக அவன் கண்முன் வந்தது.

"கண்ணு இல்ல வெர்லா. பொட்டு. நாலாவது ஆட்டத்துக்கு உனக்குச் சிவப்பு வெச்சுட்டேன்."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"என்கிட்ட சொல்லாமயா?"

"சொல்லல."

"ஜெயிச்சுகிட்டு இருக்கும்போதா?"

"நல்லதுன்னு நெனச்சேன். நீ ஜெயிக்கணும்னு..."

"நிஜமாவா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "தெரியல," என்றான்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னியே. ஒண்ணுதான்னா அத ஏன் காலுறைக்கு அடியில ஒளிச்சு வெச்சே? ஒசத்தின்னா பதினோரு வருஷம் ஏன் எனக்குத் தரல? ரெண்டுல எது, நீயே சொல்லு."

பதினேழு நோட்டுப் புத்தகத்திலும் அதை அவன் எழுதி வைத்திருக்கவில்லை. எதிர் மேசையில் பாய்ட் சூப் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு காதைத் தீட்டினான்.

"மூணாவது ஆட்டம் வரைக்கும் நீ எத வெச்சுச் சுட்டியோ அதையே வெச்சுத் தரேன். சீக்கிரம், பத்து நிமிஷம்தான் இருக்கு," என்று கேலன் நீலப் பெட்டிக்குக் கை நீட்டினான்.

"கைய எடு."

அவள் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டாள். கூடுகளைத் தன் பக்கம் நகர்த்தினாள். பொட்டு அழுத்தும் கருவியை எடுத்து, ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கட்டைவிரலால் கூட்டின் அடியைத் தடவிப் பார்த்தாள், பொட்டு மேடு தட்டுகிறதா என்று. அது கேலன் செய்கிற வழக்கம் இல்லை. மருந்து அளக்கும் கருவியின் கைப்பிடியை அவன் ஏற்றுவதைவிட மெதுவாக, ஒரே சீராக ஏற்றி இறக்கினாள். எங்கே கற்றாள் என்று அவனுக்குப் புரியவில்லை. பதினோரு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாமல் போகுமா என்ன? உனக்குத் தெரியுமா என்று அவளைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "நான் ஜெயிக்கட்டும்னு நீ வேணும்னே ஒரு குண்ட வெளிய விட்டேன்னு வெச்சுக்கோ, தாளப் பாத்தே நான் கண்டுபிடிச்சிருவேன். அப்பறம் வீட்டுப் பக்கம் வராதே. ஒழுங்கா சுடு."

அவன் மனசுக்குள் அந்த எண்ணம் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அதையும் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்தாவது ஆட்டத்தில் அவனுக்குக் கொடிகள் இருந்ததே தெரியவில்லை. ஏழு நிமிஷம் நேரம் கொடுப்பார்கள். அவன் வழக்கமாக ஆறே முக்கால் நிமிஷம் திருகையும் பையையும் நோண்டிக்கொண்டிருப்பான். அன்று ஒன்றையும் தொடவில்லை. தொடுவதற்குக் கை வரவில்லை. ஐந்து குண்டையும் ஒரே மூச்சில் சுட்டுவிட்டு எழுந்துவிட்டான். இருநூற்று இரண்டு. அன்றைக்கு அவன் சுட்டதில் அதுதான் சிறியது.

வெர்லா நூற்று எண்பத்து ஒன்பது. அன்று முழுவதும் எல்லாருடைய தாள்களிலும் அதுதான் சிறியது.

அழுகைச் சுவர் முன்னால் ஆர்லின் கூட்டினான். ஒருமுறை கூட்டி, தலையைச் சொறிந்துகொண்டு, மறுபடி கூட்டினான். வெர்லா ஆயிரத்து முப்பத்தாறு. கேலன் ஆயிரத்து முப்பத்து நாலு. ஐந்து கொத்தும் சேர்த்து வித்தியாசம் இரண்டு. அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு, ஒரு தலைமயிரின் கனம்கூட இல்லை.

"கேலன் ரைட்ஸ்!" என்று ஆர்லின் கத்தினான். "கடைசியில நடந்துடுச்சுய்யா! உளி எடுங்கடா!"

எல்லாரும் முதுகில் தட்டினார்கள். கேலன் ஆர்லினின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"ஆர்லின், என் பேர எடுத்துடு. நாலாவது ஆட்டத்துல அவளோட தோட்டாவ நான் மாத்திட்டேன். அவகிட்ட சொல்லல."

"என்ன மாத்தினே?"

"நீலத்துக்குப் பதிலா சிவப்பு வெச்சேன்."

ஆர்லின் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நல்ல பொட்டுதானே வெச்சே? கெட்டதையா வெச்சே?"

"நல்லதுதான். ஆனா..."

"பெண்டாட்டிக்கு நல்ல பொட்டு வெச்சவன வெளியேத்தணும்னு விதி எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டு பாக்கலாம். அந்தக் குண்டு பொட்டாலதான் மேல போச்சுன்னு நீ சத்தியம் பண்ணுவியா?"

கேலனால் சத்தியம் பண்ண முடியவில்லை. ஒரே ஒரு குண்டு. காற்றாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம், பொட்டாக இருக்கலாம். ஆயிரம் தோட்டா சுட்டுப் பார்த்தாலும் அந்த ஒன்றைப் பற்றித் தெரியப் போவதில்லை. வாழ்நாளெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான்.

வெர்லா வந்து கை நீட்டினாள், மற்ற சுடுகிறவர்கள் நீட்டுவது போல. "நல்ல கொத்து கேலன்," என்றாள். அவன் கையைக் குலுக்கினாள். ஆர்லினைத் தவிர பாய்டுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் இன்னொரு ஊறுகாய் முட்டையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான்.

பலகையில் பெயர் செதுக்குவதை நின்று பார்க்காமல் கிளம்பினார்கள். கேலன் வண்டி ஓட்டினான். இரண்டு பக்கமும் அறுவடைக்கு நின்ற மக்காச்சோளம், வெயில் இன்னும் இறங்கவில்லை. நாலு மைல் போவதற்குள் அவன் வானொலியைப் போட்டான், அணைத்தான், ஜன்னலை இறக்கினான், ஏற்றினான்.

"வெர்லா."

"ம்."

"யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். எனக்கே பிடிபடல. நீ ஜெயிக்கணும்னு வெச்சேனா, தோக்கணும்னு வெச்சேனா? சத்தியமா தெரியல. தோக்கணும்னு நெனச்சிருந்தா நான் மனுஷனே இல்ல."

அவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் தோக்கணும்னு நீ நெனக்கல. அந்த அளவுக்கு நீ கெட்டவன் இல்ல."

அவனுக்கு மூச்சு வந்தது. "அப்ப ஜெயிக்கணும்னுதான்..."

"அதுவும் இல்ல. நான் ஜெயிச்சாலும், அது உன் பொட்டாலன்னு இருக்கணும்னு பாத்தே. அவ்வளவுதான்."

கேலன் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டான். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை. ஸ்டியரிங்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி முன்னால் பார்த்தான். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னது உண்மை என்பது அவனுக்கு உடம்பெல்லாம் தெரிந்தது.

வெர்லா பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஓட்டு," என்றாள். "பின்னாடி டிராக்டர் வருது."